தம்பிக்கு, பாவற்காய்ச் சாறு பற்றி

ராசா,

இங்கே எல்லோரும் சுகம். இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், சிறுபோகம் விதைத்தாயிற்று. நீ போன் எடுத்துக் கனநாள். வேலை கூட என்று நினைத்துக்கொள்கிறேன்.

கிணற்றடிப் பந்தலில் பாவல் நன்றாகப் பிடித்திருக்கிறது. நீ அனுப்பிய காசில் போட்ட மோட்டர்தான் இறைக்கிறது, அயலெல்லாம் சொல்லித் திரிகிறேன். முதலில் வெறும் ஆண்பூவாகப் பூத்துக் கொட்டியது, சின்னக்கா கொடியைப் பிடுங்கு என்றாள், நான் விடவில்லை. பிறகுதான் அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டிக்கொண்டு பெண்பூ வந்தது. பிஞ்சு விரலளவு வருமுன்னே கடதாசி சுற்றிக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழ ஈ குத்தி முட்டையிட்டுவிடும், உள்ளே புழு, வெளியே மஞ்சள். சின்னவனின் பழைய கொப்பித் தாள்கள் எல்லாம் இப்போது பந்தலில்தான் தொங்குகின்றன.

பால்விட்டுக் கறி வைத்தாலும் குழம்பை மட்டும் தொட்டுக்கொண்டு காயைக் கோப்பை ஓரத்தில் ஒதுக்குகிற ஆள் நீ. அப்படிப்பட்டவன் விடிய எழும்பிப் பாவற்காய்ச் சாறு குடிக்கிறானாம். மருமகளை ஏசாதே, அவள் வாய் தவறித்தான் சொன்னாள்.

பாவற்காய் இரத்தத்திலுள்ள சீனியைக் கொஞ்சம் இறக்கும், சரி. ஆனால் அதுவும் கறிதானே, சீனி வருத்தத்துக்குக் குளிசை போட வேண்டிய ஆள் குளிசை போடத்தான் வேண்டும். குளிசையும் போட்டுச் சாறும் நிறையக் குடித்தால் சிலருக்குச் சீனி ஒரேயடியாக இறங்கி வியர்க்கும், கை நடுங்கும், மயக்கம் வரும். எதற்கும் டொக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிப்பது நல்லது. உனக்கென்று இல்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

அப்பாவும் இப்படித்தான், ஒன்றும் வாய் திறக்கமாட்டார். ஆனால் அவர் குளிசையை விட்டது இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில், கிடைக்காமல். உனக்கென்ன குறை அங்கே? அப்பாவின் அந்தக் கால் உனக்கு மறந்திருக்காது.

சாறு எதற்கு, மெல்லிசாக அரிந்து உப்பும் மஞ்சளும் பிரட்டி, பிழிந்து பொரித்து, வெங்காயம் பச்சைமிளகாய் போட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டுச் சம்பலாகச் சாப்பிடலாமே. எண்ணெய் வேண்டாமென்றால் வறை வை. வற்றலும் போட்டு வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

குளிசையை மட்டும் விடாதே. காலில் காயம் ஏதும் இருக்கிறதா? சும்மா கேட்கிறேன்.

அம்மா