பி.டி.ஓ. நின்றால் முதலில் லிஃப்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வேளாண் பக்கத்தில், 20 வருடம் தாண்டிய டிராக்டரில் பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் மிஷினைச் சுழற்றும் ஷாஃப்ட்) நின்றுபோனால் அதற்குச் செலவு செய்வது வீண், வண்டியை மாற்றிவிடுவதே நல்லது என்று ஒருவர் எழுதியிருந்தார். 1984-இல் அப்பா வாங்கிய மாஸி பெர்குசன் 1035 எங்கள் வீட்டில் இன்றும் ஓடுகிறது. இந்தத் தை மாதம் அதில் பி.டி.ஓ. நின்றது. அதைச் சரிசெய்தும் விட்டோம். அந்தக் கட்டுரையை நம்பி யாரும் அவசரப்பட்டு நல்ல வண்டியைத் தள்ளிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான்கு ஏக்கர் மக்காச்சோளக் கதிர் களத்தில் குவிந்து கிடந்தது. வாடகைக்கு எடுத்த கதிரடிக்கும் மிஷினை டிராக்டரில் மாட்டி அடித்துக்கொண்டிருந்தோம். டொக்கென்று ஒரு சத்தம், மிஷின் நின்றுவிட்டது. இன்ஜின் பாட்டுக்கு ஓடுகிறது. லீவரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், பின்னால் ஷாஃப்ட் அசையவில்லை. டவுனில் ஒரு பட்டறைக்குப் போன் செய்தால், வண்டியைப் பார்க்காமலேயே, "கியர்பாக்ஸ் போயிருக்கும், வண்டியை ரெண்டாப் பிரிக்கணும், 10 நாள் ஆகும், 45,000 ரூபாய் ரெடி பண்ணிக்குங்க" என்றார்கள். வானம் வேறு மூட்டமாக இருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

அப்போதுதான் அப்பா காலத்து மெக்கானிக் ஒருவர் சொன்னது நினைவுக்கு வந்தது: "பி.டி.ஓ. நின்னா முதல்ல லிஃப்ட் தூக்குதான்னு பாரு தம்பி." லிஃப்ட் என்றால் பின்னால் கலப்பையைத் தூக்கும் அமைப்பு, அதை இயக்குவது ஹைட்ராலிக் பம்ப். இந்த வகை வண்டியில் அந்தப் பம்ப்புக்குத் தனி ஓட்டம் கிடையாது. கியர்பாக்ஸிலிருந்து வரும் பி.டி.ஓ. ஷாஃப்ட் பம்ப்புக்குள்ளே புகுந்து, அதைச் சுற்றிக்கொண்டேதான் பின்னால் வெளியே வருகிறது. இங்கிலாந்தில் 1946-இல் வந்த பெர்குசன் டி.இ.20 காலத்திலிருந்தே இந்த அமைப்புதான். லிஃப்ட் தூக்குகிறது, ஆனால் பின்னால் ஷாஃப்ட் சுற்றவில்லை என்றால், பம்ப் வரைக்கும் ஓட்டம் வந்துவிட்டது. கோளாறு பம்ப்புக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் மேல் பழி போட வேண்டியதில்லை.

மிஷினைக் கழற்றிவிட்டு ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டினேன். ஒரே தூக்காகத் தூக்கிவிட்டது!

பக்கத்து ஊர் மெக்கானிக் வந்து ஆயிலை வடித்தார். பின்னால் இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்டை உருவினார். பாதிதான் கையோடு வந்தது. மேலே லிஃப்ட் கவரைத் தூக்கி மிச்சத் துண்டையும் எடுத்தார். உடைந்த இடத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு ஓரம் பழைய கறுப்பு, மீதி புது வெள்ளியாகப் பளபளக்கிறது. ரொம்ப நாளாகவே அதில் கீறல் விழுந்திருக்கிறது, அன்றைக்கு மிஷினில் தட்டை சிக்கி இழுத்த இழுப்பில் முழுசாக விட்டுவிட்டது. சிக்கினால் முதலில் உடைய வேண்டியது, டிராக்டரையும் மிஷினையும் இணைக்கும் ராடில் இருக்கும் மெல்லிய போல்ட். அதற்குப் பதிலாக யாரோ கெட்டி போல்ட்டைப் போட்டு முறுக்கியிருந்தார்கள். 20 ரூபாய் போல்ட் உடைய வேண்டிய இடத்தில் வண்டியின் ஷாஃப்ட் உடைந்தது. வாடகைக்கு மிஷின் எடுக்கிறவர்கள் மாட்டுவதற்கு முன்னால் அந்த போல்ட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஷாஃப்ட், ஆயில் சீல், கூலி எல்லாம் சேர்ந்து 9,000 ரூபாய்க்குள் முடிந்தது. மூன்றாம் நாள் கதிர் அடித்தோம்.

லிஃப்டும் தூக்காமல் ஷாஃப்டும் சுற்றாமல் இருந்தால் கதை வேறு. எதுவானாலும் முதலில் பி.டி.ஓ. லீவரைப் பார்த்துவிட வேண்டும். சில பழைய வண்டிகளில் லீவருக்கு மூன்று நிலை உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் இன்ஜின் வேகத்துக்குச் சுற்றும், நடுவில் நியூட்ரல், மறுபக்கம் தள்ளினால் வண்டி நகரும்போது மட்டும் சக்கர வேகத்துக்குச் சுற்றும். எங்கள் தெருவில் ஒருவர் லீவர் அந்த மூன்றாவது நிலையில் கிடப்பது தெரியாமல் இரண்டு நாள் தவித்தார். லீவரும் சரியாக இருந்தால், அது உள்ளே தள்ளும் ஃபோர்க், கப்ளிங், அப்புறம் கிளட்ச் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் தூக்கிவிட்டால் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. டபுள் கிளட்ச் வண்டியில் பி.டி.ஓ.வுக்குத் தனித் தட்டு இருக்கிறது. பெடலைப் பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும், முழுக்க மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். அந்தத் தட்டு தேய்ந்திருந்தாலும் சும்மா சுற்றும்போது ஷாஃப்ட் ஜோராகச் சுற்றும், கலப்பையையும் தூக்கும். கதிரைப் போட்டதும் மிஷின் இளைக்கும். அந்த நேரத்தில் இன்ஜின் சத்தத்தைக் கவனியுங்கள். மிஷின் வேகம் குறைந்தும் இன்ஜின் சத்தம் மாறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இன்ஜினும் சேர்ந்து திணறினால் கிளட்ச் மேல் குற்றமில்லை, டீசல் ஃபில்டரையோ அளவுக்கு மீறிப் போட்ட கதிரையோ பார்க்க வேண்டும். கிளட்ச்தான் என்று தெரிந்துவிட்டால் வண்டியைப் பிரிக்கத்தான் வேண்டும், அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது. ஆனால் எதற்காகப் பிரிக்கிறோம் என்று தெரிந்து பிரிக்கலாம்.

இதையெல்லாம் சோதிக்கும்போது யாரும் ஷாஃப்ட் பக்கத்தில் நிற்கக் கூடாது. பி.டி.ஓ. வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் ஒரு வினாடிக்கு 9 சுற்று. தோளில் இருக்கும் துண்டின் நுனி பட்டால் போதும், ஆளையே இழுத்துவிடும். துண்டை எடுத்து வைத்துவிட்டு, வேட்டியை மாற்றி டிரவுசர் போட்டுக்கொண்டு இறங்குங்கள். கை வைத்துப் பார்க்க வேண்டுமானால் இன்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான்.

வேளாண்மைப் பொறியியல் துறை நடத்தும் பயிற்சி முகாம்களில் புது இயந்திரங்களைப் பற்றி நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். எங்கள் பக்கம் பாதிக் களங்களில் மிஷின் ஓட்டுவது பழைய வண்டிகள்தான். அவற்றுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பெரிய உதவியாக இருக்கும். உடைந்த ஷாஃப்டின் இரண்டு துண்டுகளும் எங்கள் கொட்டகையில் இருக்கின்றன. முகாமில் காட்டக் கேட்டால் நானே எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மக்காச்சோள விவசாயி,
வேப்பந்தட்டை வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.