சோலே மியோவில் வரும் ‘ஓ’

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ‘ஓ சோலே மியோ’ பாட்டைப் பற்றி வந்த கட்டுரையை ரசித்துத்தான் படித்தேன். ஆனால் தலைப்புக்கு “ஓ, என் சூரியனே!” என்று அர்த்தம் போட்டிருந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். நம் காதுக்கு ஓ என்றாலே யாரையோ கூப்பிடுவது போலத்தான் கேட்கும், அதனால் கட்டுரையாளரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் இதே தப்பைப் பண்ணி வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

சரக்குக் கப்பலில் சமையல் வேலையில் இருந்தேன். எஞ்சின் அறையில் இத்தாலியின் நேப்பிள்ஸ் ஊர்க்காரர் ஒருவர். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே நான் “ஓ...” என்று இழுக்க, அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, “யாரைக் கூப்பிடுகிறாய்?” என்று கேட்டார். அந்த ஓ, ஆங்கிலத்தில் ‘தி’ போடுகிறோமே, அது. இத்தாலியில் ‘இல்’ என்பார்கள், நேப்பிள்ஸில் ‘ஓ’. ‘லோ’ என்ற பழைய சொல்லில் முன்னால் இருந்த ‘ல்’ தேய்ந்துபோனதால்தான் அச்சில் அதன் முன்னால் ஒரு சின்னக் கொக்கி போடுகிறார்கள். ஆக, தலைப்பு வெறுமனே ‘என் சூரியன்’. விளியெல்லாம் கிடையாது.

அடுத்தது, ‘இத்தாலிய மொழிப் பாட்டு’ என்று கட்டுரை நெடுகச் சொல்லியிருப்பது. பாட்டு இத்தாலி நாட்டுடையது, சரி. மொழி நாப்புலித்தானோ, நேப்பிள்ஸ்காரர்களின் பேச்சு. இத்தாலியனை அவர்கள் கொச்சையாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம், இரண்டும் லத்தீனிலிருந்து தனித்தனியாக இறங்கி வந்தவை. பாட்டிலேயே சாட்சி இருக்கிறது. ‘அதைவிட அழகான இன்னொரு சூரியன்’ என்று வரும் இடத்தில் ‘விட’ என்பதற்கு இத்தாலியன் ‘பியூ’ என்கும், பாட்டில் வருவதோ ‘கியூ’. லத்தீன் ‘ப்லூஸ்’ ஒரு பக்கம் அப்படியும் இன்னொரு பக்கம் இப்படியும் போயிருக்கிறது. அழுவதற்கும் அதே கணக்குதான்: அங்கே ‘பியாஞ்செரெ’, இங்கே ‘கியாஞ்ஞெரெ’. இத்தாலி 1861இல் ஒரே நாடானபோது இத்தாலியன் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் என்று துல்லியோ டி மவுரோ என்ற மொழியியலாளர் கணக்குப் போட்டிருக்கிறார். வேறு சிலர் பத்துப் பேர் வரை சொல்வார்கள். எப்படிப் பார்த்தாலும் மற்றவர்கள் காதலித்ததும் சண்டை போட்டதும் தாலாட்டியதும் அவரவர் ஊர்ப் பேச்சில்தானே! இத்தனைக்கும் 1999இல் அந்த நாடு 12 சிறுபான்மை மொழிகளுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தபோது, உலகமே பாடிய இந்த மொழிக்கு அதில் இடமில்லை.

பாட்டு 1898இல் வந்தது. வரிகள் பத்திரிகைக்காரர் ஜொவான்னி கபுர்ரோ, மெட்டு எதுவார்தோ தி கப்புவா. கருங்கடல் கரையில் இருக்கிற ஒடேசாவில் இருந்தபோது ஊர் ஏக்கத்தில் தி கப்புவா மெட்டுப் போட்டார் என்று வழக்கமாகச் சொல்லும் கதையைத்தான் கட்டுரையும் சொல்லியது. அல்ஃப்ரெதோ மத்ஸூக்கி என்ற மூன்றாவது ஆளை விட்டுவிட்டீர்கள். பாட்டு வருவதற்கு முந்தைய வருஷமே அவர் தன் மெட்டுகள் சிலவற்றைத் தி கப்புவாவிடம் விற்றிருந்தார். அவருக்கும் இந்தப் பாட்டில் பங்கு உண்டு என்று இத்தாலியின் தூரின் நகர நீதிமன்றம் 2002இல்தான் தீர்ப்புச் சொன்னது, அதற்குள் மனிதர் போய் முப்பது வருஷம் ஆகிவிட்டது. இத்தாலிய ஓபரா பாடகர் கரூசோ 1916இல் பாடியது, அமெரிக்கப் பாடகர் எல்விஸ் 1960இல் வேறு வரி போட்டுப் பாடியது எல்லாம் கட்டுரையில் சரியாகவே இருந்தன.

கடைசியாக ஒன்று. பெட்டிச் செய்தியில் பாட்டின் முதல் பத்தியையும் மூன்றாவதையும் மட்டும் போட்டிருந்தீர்கள். மேடையில் பெரிய பாடகர்கள் பலரும் அப்படித்தான் பாடுகிறார்கள். விட்டுப்போன நடுப் பத்தியில் காதலியின் ஜன்னல் கண்ணாடி வெயிலில் மின்னுகிறது, கீழே ஒரு சலவைக்காரி துணியைப் பிழிகிறாள், உதறி விரிக்கிறாள், பாடுகிறாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை வேறு. எங்கள் நேப்பிள்ஸ்காரர் அந்தப் பத்திக்கு மட்டும் கையில் இருக்கிற துணியை முறுக்கிக்கொண்டேதான் பாடுவார், எஞ்சின் எண்ணெய் துடைத்த துணியாக இருந்தாலும் சரி. திருத்தம் போடும்போது அவளையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் சமையற்காரர்,
தூத்துக்குடி.