கரைந்துபோகும் சேவைக்காலம்

ஐயா,

சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பற்றிய தங்கள் தலையங்கம், சம்பள வேலைக்கும் சொந்தத் தொழிலுக்கும் இடையே மாறி மாறிப் பிழைப்பவர்களை ஒரே வரியில் கடந்துவிட்டது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை நம்பியிருக்கும் எங்கள் மாவட்டத்தில் இத்தகையோர் ஏராளம். 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு சேவை தேவை. அதற்குள் விலகுபவர் ஓய்வூதியப் பணத்தை எடுக்காமல், அதுவரையிலான சேவையைப் பதிவுசெய்யும் திட்டச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால், பின்னர் வேறு நிறுவனத்தில் சேரும்போது பழைய சேவையும் கணக்கில் சேரும். பணம், சான்றிதழ் இரண்டையும் கோருவது ஒரே படிவம் 10சி-யில்தான் என்றாலும், பணம் எடுப்பதையே எல்லோரும் சொல்லித் தருகிறார்கள்.

என் மைத்துனர் ஆறாண்டு ஆலை வேலையை விட்டுப் பர்கூரில் லேத் பட்டறை வைத்தபோது, பி.எஃப். தொகையோடு ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிட்டார். அது ஒரு மோட்டார் வாங்கக்கூடப் போதவில்லை. 50 வயதில் மீண்டும் ஆலைக்குத் திரும்பிய அவருக்குச் சேவை புதிதாக எண்ணப்படுவதால், 58 வயதுக்குள் பத்தாண்டு நிறைவடையாது. பழைய ஆறாண்டு இருந்திருந்தால் தாராளமாக நிறைவடைந்திருக்கும். எனவே, பத்தாண்டுக்குள் விலகுபவருக்குத் திட்டச் சான்றிதழ் தானாகவே வழங்கப்பட வேண்டும். பணம் வேண்டுவோரிடம், சேவை அழிந்துவிடும் என்பதைத் தமிழில் தெரிவித்துக் கையொப்பம் பெற்ற பிறகே தொகையை விடுவிக்க வேண்டும்.

- ஒரு வாசகர், பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.