ஒன்பது கடைக்கு ஒரே ஸ்கிரிப்ட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எந்தக் கணினி மொழியைக் கற்றால் வேலை கிடைக்கும் என்று மாணவர் பக்கத்தில் எழுதி வருகிறீர்கள். எழுதிய நிரலை எப்படிப் பேணுவது என்றும் ஒரு வாரம் எழுதுங்கள். அது தெரியாமல் பட்டவன் கேட்கிறேன்.

ஈரோடு வட்டாரத்தில் ஒன்பது கிளைகள் உள்ள ஒரு ஜவுளிக்கடைக்குக் கணினிப் பராமரிப்பு செய்கிறேன். கடை சாத்தியதும் அன்றைய பில் கணக்கை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுக்க ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், எழுதினேன். மற்ற எட்டுக் கடைகளுக்கும் அதையே நகலெடுத்து ஆங்காங்கே மாற்றி வைத்தேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

வெளி டிஸ்க் இணைப்பில் இல்லாவிட்டாலும் அதற்கென வைத்த ஃபோல்டர் அப்படியே இருக்கும். ஸ்கிரிப்ட் வாயைத் திறக்காமல் கணினியின் சொந்த டிஸ்கிலேயே எழுதிக்கொண்டு போகும். இது தெரிந்ததும், டிஸ்க் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் ஒரு வரியை எட்டுக் கடைகளில் சேர்த்தேன். கோபிசெட்டிபாளையம் கடை மட்டும் விட்டுப்போயிற்று. அங்கே யாரோ பெருக்கும்போது கேபிளைத் தட்டிவிட, தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை கணினியின் சொந்த டிஸ்க் நிரம்பி பில் போடுவது நின்றது. முதலாளி தொலைபேசியில் சொன்னதை நீங்கள் அச்சிட மாட்டீர்கள்.

அதன் பிறகே 'கிட்' பக்கம் வந்தேன். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்; லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் இயங்குதள வேலைக்காக எழுதியது. காசு இல்லை, ஒற்றைக் கணினியில் இணையம் இல்லாமலும் ஓடும். அதிலும் முதலில் கோணலாகவே செய்தேன். மூல நிரலிலிருந்து பிரித்துத் தனியே மாற்றிப் பார்க்கும் வழிக்கு அதில் 'பிராஞ்ச்' என்று பெயர்; கடைக்கொன்றாக ஒன்பது வைத்தேன். ஒரு திருத்தத்தை ஒன்பது முறை இணைக்க வேண்டியிருந்தது. ஒருமுறை கோபியின் ஃபோல்டர் பெயர் பவானிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. பிரிந்துபோய் வேலையை முடித்துத் தாய்வீடு திரும்புகிற பிள்ளைக்குத்தான் பிராஞ்ச் பொருந்தும். தனிக்குடித்தனம் போனவனுக்கு அது ஒத்துவராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பதையும், வேறுபாடுகளைக் காட்டும் 'கிட் டிஃப்' கட்டளை கொண்டு, சுவடி ஒப்பிடுவதுபோல் வரிவரியாகப் பார்த்தேன். 214 வரிகளில் வேறாக இருக்க வேண்டியவை நான்கே: கடையின் பெயர், ஃபோல்டர், டிஸ்க், எத்தனை நாள் பழைய நகலை அழிப்பது என்பது. மற்ற பாடபேதமெல்லாம் என் மறதி. இப்போது ஸ்கிரிப்ட் ஒன்று, கடைக்கொரு நான்கு வரிக் கோப்பு, எல்லாம் ஒரே பிராஞ்சில். கடவுச்சொல்லை மட்டும் அதில் வைப்பதில்லை. பின்னால் அழித்தாலும் கிட்டின் பழைய பதிவுகளில் கிடக்கும்.

போன மாதம் வேலை கேட்டு வந்த பட்டதாரித் தம்பி தன் புராஜெக்டை பென் டிரைவில் கொண்டுவந்தார். உள்ளே ஏழு ஃபோல்டர்கள்; கடைசியின் பெயர் 'இறுதி 3'. அதைத் திறக்கப் போனேன். "அது ஓடாது சார், 'இறுதி 2'ஐப் பாருங்கள்" என்றார்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
ஈரோடு.