பின்னறைக் கதவைத் திறந்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் அனைவருக்கும்,

வணக்கம். எங்கள் வீட்டுப் பின்னறைக் கதவு இப்போது முழுதாகத் திறக்கிறது. மூன்று ஆண்டுகளாக அது பாதிதான் திறந்தது; பின்னால் அட்டைப் பெட்டிகள் முட்டுக்கொடுத்து நின்றன. உடம்பை ஒருக்களித்து உள்ளே நுழைவேன், கையில் இருப்பதை எங்கேயாவது வைப்பேன், அதே ஒருக்களிப்பில் வெளியே வருவேன். விருந்தினர் வந்தால் கதவைச் சாத்திவிட்டு, "உள்ளே வேலை நடக்கிறது" என்பேன். ஒரு வேலையும் நடக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருந்தீர்களே, அதற்குத்தான் முதல் நன்றி.

சோம்பல் என்றுதான் நானும் என்னைத் திட்டிக்கொண்டேன். ஆனால் சோம்பேறி நிம்மதியாகத் தூங்குவான். நான் இரவு இரண்டு மணிக்கு அந்த அறையை நினைத்துக்கொண்டு விழித்துக் கிடந்தேன். வாசலில் நின்று பார்த்தால் ஒவ்வொரு பொருளும் கேள்வி கேட்கும். வைத்துக்கொள்வதா, கொடுப்பதா, யாருக்குக் கொடுப்பது, கொடுத்தபின் தேவைப்பட்டால் என்ன செய்வது? எதற்கும் பதில் தெரியாமல் விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒருமுறை துணிந்து இறங்கியதும் உண்டு. உள்ளதையெல்லாம் வெளியே கொட்டினால்தான் புத்தி வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, வீட்டிலுள்ள துணி முழுவதையும் கட்டிலில் குவித்தேன். மாலைக்குள் ஆறு உருப்படிகளை ஒதுக்கியிருந்தேன். அன்றிரவு தரையில்தான் படுக்கை. மறுநாள் எல்லாவற்றையும் சுருட்டிப் பழையபடி திணித்தேன், ஒதுக்கிவைத்த ஆறையும் சேர்த்து. கைதேர்ந்தவர்களுக்கு அந்த அறிவுரை ஒத்துவரலாம். ஏற்கெனவே மலைத்து நிற்பவரிடம் இன்னொரு மலையைக் குவிக்கச் சொல்வது என்ன நியாயம்?

தங்கையே, நீ பின்னறைப் பக்கமே திரும்பவில்லை. "அக்கா, இந்த ஒரு இழுப்பறை மட்டும். பதினைந்து நிமிடம். மணி அடித்ததும் நானே உன்னை நிறுத்திவிடுவேன்" என்றாய். நிறுத்த ஓர் ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் தொடங்கவே தைரியம் வந்தது. எழுதாத பேனாக்கள், எந்தக் கைப்பேசிக்கும் பொருந்தாத ஐந்து சார்ஜர்கள், எந்தப் பூட்டுக்கு உரியவை என்று தெரியாத சாவிகள். அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே சலவை இயந்திரத்தின் ரசீது, உத்தரவாதத்துக்காகப் பத்திரப்படுத்தியது. எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். ஓர் எழுத்துக்கூட இல்லை. அந்த வகைத் தாளில் மை கிடையாது, சூடு பட்டுக் கறுக்கும் பூச்சுதான், நாளாக ஆக வெளிறிவிடும் என்று நீ விளக்கினாய். நான்கு ஆண்டுகள் ஒரு வெற்றுத் தாளுக்குக் காவல் இருந்திருக்கிறேன்! தரையில் உட்கார்ந்து இருவரும் சிரித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. சொன்னபடியே நிறுத்தினாய், எனக்குத்தான் அடுத்த இழுப்பறையைத் திறக்கக் கை பரபரத்தது.

எதிர்வீட்டு அக்கா ஒரு பொருளைக்கூடத் தொட்டதில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தான் கொண்டுவந்த துணிகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பார். இப்படிப் பத்து ஞாயிற்றுக்கிழமைகள். நான் ஏதாவது பழைய கடிதத்தில் மூழ்கிவிட்டால் ஊசியை நிறுத்தி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அக்கா, "இதையெல்லாம் ஏன் வாங்கினாய்" என்று நீங்கள் ஒருமுறை கேட்டிருந்தால், அன்றோடு கதவைச் சாத்தியிருப்பேன்.

பொருளியல் கற்பிக்கும் நண்பரே, கற்றுக்கொள்ளாமலே விட்ட கிதாரைக் கொடுத்துவிட மனம் வரவில்லை என்று உங்களிடம் புலம்பியபோது கோப்பைக் கதையைச் சொன்னீர்கள். டேனியல் கானமன், ரிச்சர்ட் தாலர் உள்ளிட்டோர் 1990இல் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களில் பாதிப் பேர் கையில் ஆளுக்கொரு கோப்பையைக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பாய் என்று கேட்டார்கள். மற்றவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவாய் என்று கேட்டார்கள். விற்பவர்கள் சொன்ன விலை, வாங்குபவர்கள் சொன்னதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கே இந்தப் பாசம் என்றால், பன்னிரண்டு ஆண்டுகள் மூலையில் நின்ற கிதாரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? "இது உங்களிடம் இல்லையென்றால், இன்று கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்குவீர்களா?" என்றீர்கள். மாட்டேன். பின்னறையில் பாதி அந்தக் கேள்வியிலேயே காலியானது. (கிதார் இப்போது ஒரு கல்லூரிப் பெண்ணிடம் இருக்கிறது. வாசிக்கவும் செய்கிறாளாம்.) பரிசாக வந்தவற்றிடம் மட்டும் உங்கள் கேள்வி செல்லுபடியாகவில்லை. வேறு ஏதாவது யோசித்துச் சொல்லுங்கள்.

குப்பை சேகரிக்க வரும் அம்மாவுக்கு நன்றியோடு மன்னிப்பும் சொல்ல வேண்டும். பழைய கைப்பேசி ஒன்றை மற்ற குப்பையோடு சேர்த்துப் போடப் போனேன். அதன் முதுகு உப்பியிருந்ததைப் பார்த்து என் கையைத் தடுத்தீர்கள். உப்பிய பேட்டரி வண்டிக்குள் நசுங்கினால் தீப்பிடித்துக்கொள்ளும், இதையெல்லாம் மின்கழிவோடு தனியாகத்தான் ஒப்படைக்க வேண்டும் என்றீர்கள். அதற்கு முன் எத்தனை பேட்டரிகளை யோசிக்காமல் போட்டிருப்பேனோ! தீப்பிடித்திருந்தால் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கப்போவது நீங்கள்தானே.

மகனே, உனக்காகவென்று உன் பள்ளி நோட்டுகளைக் கட்டுக் கட்டாக வைத்திருந்தேன். ஒரு மணி நேரம் பொறுமையாகப் புரட்டினாய். கணக்கு நோட்டில் ஆசிரியருக்குத் தெரியாமல் யானை வரைந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துக்கொண்டு, "எனக்கு இது போதும், அம்மா" என்றாய். எனக்குப் போதவில்லை என்பதை அன்று நான் சொல்லவில்லை.

பரணில் நான்கு பெட்டிகள் பாக்கி இருக்கின்றன. அவற்றைப் பற்றி இன்று யாரும் பேச வேண்டாம்.

தங்கையே, இன்னொன்று. பூட்டு தெரியாத சாவிகளையெல்லாம் நீ ஒரு பையில் போட்டுக் கட்டிவைத்தாய் அல்லவா? நீ போனபின் அவிழ்த்து, ஒன்றை மட்டும் எடுத்து மறுபடியும் இழுப்பறையில் வைத்துவிட்டேன். பித்தளைச் சாவி, நல்ல கனம். இதைப் படித்ததும் தொலைபேசியில் அழைப்பாய். எடுக்கமாட்டேன்.

அன்புடன்,
பின்னறைக்காரி