நீலிக்குச் சாட்சி கள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எழுத்தாளர் அம்பையின் கதைகளைப் பற்றி வந்த கட்டுரையை நிதானமாக வாசித்தேன். 2021-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது அவரைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், அப்புறம் பேச்சு அடங்கிவிட்டது. இப்போது மறுபடியும் எடுத்துப் பேசியதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் கட்டுரையாளர் சொன்ன இரண்டு விஷயங்கள் எனக்கு ஒத்துவரவில்லை. புராணத்தைப் பெண் பக்கத்திலிருந்து சொல்வது படித்த நகரத்துப் பெண்களிடம் அண்மைக்காலத்தில் வந்த பழக்கம் என்கிறார். அம்பையின் கதைகளில் வரும் காடு பெண் மனத்தின் குறியீடு என்று ஒரே வரியில் கடந்துபோகிறார். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் இதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

எங்கள் ஊர்ப் பக்கம் இசக்கியம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு தடவை வந்து பாருங்கள். இசக்கியாகக் கும்பிடப்படுகிற நீலியின் கதையை வில்லுப்பாட்டில் பாட ஆரம்பித்துவிட்டால் பெண்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார்கள். நகைக்கு ஆசைப்பட்டு ஒருவன் ஒரு பெண்ணைக் காட்டு வழியில் கொன்றுபோடுகிறான். பார்த்தவர் யாரும் இல்லை. சாகிற நேரத்தில் பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைத்தான் அவள் சாட்சிக்கு அழைக்கிறாள். அடுத்த பிறவியில் நீலியாக வந்து அவனைத் தேடிப் பிடிக்கும்போது, கள்ளிக் கொப்பு ஒன்றை ஒடித்துப் பிள்ளையாக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள்.

ஏட்டில் ஏறிய பழையனூர் நீலி கதை, அவன் உயிருக்குப் பொறுப்பேற்ற வேளாளர் எழுபது பேர், அவன் செத்ததும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத் தீயில் இறங்கியதில் போய் நிற்கும். பெருமை முழுவதும் அவர்களுக்குத்தான். என் ஆச்சி சொன்ன கதையில் அந்த எழுபது பேரும் வரவே மாட்டார்கள். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே கதை சொல்வாள். கள்ளி வருகிற இடத்தில் மட்டும் கை நின்றுவிடும். “மனுசப் பய ஒருத்தன் வாய் தொறக்கல, கள்ளிதாம்ட்டி நின்னுச்சு” என்பாள். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால் அம்பையின் ‘அடவி’ எனக்கு வாசித்த அன்றே நெருக்கமாகிவிட்டது. கணவனோடு சேர்ந்து தொழிலை வளர்த்த செந்திருவுக்கு அதில் பங்குதாரர் என்ற இடம் கிடைக்கவில்லை. அவள் காட்டுக்குப் போகிறாள். அங்கே அவள் எழுதுகிற கதையில் வரும் சீதை, தன் கதையைத் தானே ஓலையில் எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் எழுதியது போதாதா என்று வால்மீகியே வந்து கேட்கிறார். சீதை விட்டுக்கொடுப்பதில்லை. பிற்பாடு இராவணன் வீணையைக் கையில் தர வரும்போது, அதைத் தரையில் வைக்கச் சொல்லிவிட்டுத் தானே எடுத்துக்கொள்கிறாள். இந்த ஒரு இடத்துக்காகவே அந்தக் கதையை எத்தனையோ பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுத ஓலையும் இருக்க நிழலும், ஏன் வந்தாய் என்று யாரும் கேட்காத பொழுதும் அவளுக்குக் கொடுப்பது காடுதான். கள்ளி நீலிக்கு வாய்த்த மாதிரி சீதைக்குக் காடு வாய்க்கிறது. அதை மனத்துக்குள் இருக்கிற ஏதோ ஒன்றின் அடையாளம் என்று மட்டும் சுருக்கிவிடலாமா?

‘காட்டில் ஒரு மான்’ கதையில் தங்கம் அத்தை ராத்திரி இருட்டில் பிள்ளைகளுக்குச் சொல்வதும் காட்டுக் கதைதான். வழிதவறி வேறு காட்டுக்குள் போன மான் முதலில் மிரள்கிறது, பிறகு அந்தக் காடு அதற்குப் பழகிவிடுகிறது. பூப்படையாத உடம்போடு ஊர் நடுவில் வாழ்ந்த அத்தை, தன் கதையை வேறு எப்படிச் சொல்வாள்? அம்பையின் பாத்திரங்கள் சில இடங்களில் விவாத மேடையில் பேசுவதுபோலப் பேசிவிடுகிறார்கள் என்று கட்டுரையாளர் எழுதியதை நான் மறுக்கவில்லை. தங்கம் அத்தை அப்படிப் பேசுகிறவள் அல்ல.

இதை இப்போது எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. வெறும் மண் பீடமும் மரமுமாக இருந்த இசக்கி கோவில்கள் எங்கள் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கான்கிரீட் கட்டடமாகின்றன. பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டிய மரத்தை, கட்டடத்துக்கு இடைஞ்சல் என்று வெட்டிவிடுகிறார்கள். கள்ளி வேலிகள் எப்போதோ போய்விட்டன. நீலி கதை கேட்கிற பிள்ளைக்கு ‘இதுதான் கள்ளி’ என்று காட்ட ஒரு செடியைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. கதை சொன்ன ஆச்சிகளும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அம்பை கதை எழுதியதோடு நிற்கவில்லை. 1988-இல் மும்பையில் ‘ஸ்பாரோ’ என்ற ஆவணக் காப்பகத்தைத் தொடங்கி, பெண்களின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்து வைத்தார். அவரைப் பாராட்டிக் கட்டுரை போடுகிற நீங்கள், அவர் செய்த வேலையில் ஒரு சின்னப் பங்கை எங்கள் பக்கத்துக்காக எடுத்துச் செய்யலாமே. இதழில் மாதம் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள், போதும். அம்பாசமுத்திரம், முக்கூடல், களக்காடு வட்டாரங்களில் இசக்கி கதையும் பேச்சியம்மன் கதையும் சொல்கிற வயதான பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு போக நான் தயார். பதிவு செய்கிறவர்கள் அவர்கள் சொல்கிறபடியே பதிவு செய்ய வேண்டும். கொடை நாட்களில் வந்தால் வில்லுப்பாட்டையும் சேர்த்துக் கேட்டுவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கல்லிடைக்குறிச்சி,
திருநெல்வேலி மாவட்டம்