எரியாத கடைக்கும் நட்டம் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை காப்புறுதி முகவர் தம்பி கடைக்கு வந்து பொலிசியைப் புதுப்பிக்கச் சொல்லிப் பத்திரத்தை நீட்டினார். நான் மாங்குளத்தில் ஏ9 வீதியோரமாகச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறேன். கடன் இருப்பதால் தீக் காப்புறுதி இல்லாமல் வங்கி விடாது, அதனால் வருடா வருடம் கட்டித்தான் வருகிறேன். இந்த முறை கையெழுத்துப் போடமுன் ஒன்று கேட்டேன். "தம்பி, திரும்பவும் கொரோனா மாதிரி ஒண்டு வந்து கடையைப் பூட்டச் சொன்னால் இதில காசு வருமோ?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்கா, பொய் சொல்ல மாட்டன், வராது" என்றார். உண்மையைச் சொன்னதற்கு அவருக்கு நன்றி. 2020 இல் எனக்கு இதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

அந்த வருடம் மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். என் கடை ஊர்ச் சனத்தை நம்பி ஓடுவதில்லை, கொழும்பு – யாழ்ப்பாணம் பஸ்களும் லொறிக்காரரும் முல்லைத்தீவுப் பக்கம் திரும்புகிற ஆட்களும்தான் எங்களுக்குச் சாப்பாடு போடுகிறவர்கள். அன்றிரவே வீதி வெறிச்சோடிப் போனது. குளிர்ப்பெட்டியில் இருந்த கோழி, அடுக்கி வைத்திருந்த சட்டித் தயிர், இரண்டு மூட்டை மரக்கறி எல்லாவற்றையும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன், மிச்சத்தைப் புதைத்தேன். வேலை செய்த இரண்டு பெடியளுக்கும் அரைச் சம்பளமாவது கொடுக்க வேண்டும் என்று நகையை அடகு வைத்தேன். அப்புறம் ஊரடங்கைத் தளர்த்தி, கடையைத் திறக்கலாம் என்றார்கள். திறந்து என்ன செய்ய, நிறுத்திச் சாப்பிடப் பஸ் இல்லையே. 2021 இல் மாகாணங்களுக்கிடையே போக்குவரத்தை நிறுத்தியபோதும் இதே கதைதான். கடன் தவணையைப் பிற்போட்டார்கள், ஆனால் வட்டி நிற்கவில்லை.

என் பொலிசியில் தீக் காப்புறுதியோடு வியாபாரத் தடைக்கான காப்புறுதியும் சேர்ந்திருந்தது. கடை நடத்த முடியாமல் போனால் அந்த நாட்களின் வருமானத்துக்கு ஈடு என்று சொல்லி, கூடுதலாகக் காசு வாங்கித்தான் அதைச் சேர்த்தார்கள். அதை நம்பி விண்ணப்பித்தேன். ஒரு மாதம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. மகள் வாசித்துச் சொன்னாள்: கட்டடத்துக்கோ பொருட்களுக்கோ சேதம் எதுவும் நடக்கவில்லை, ஆகவே நட்டஈடு இல்லையாம். அதாவது கடை எரிந்து அதனால் வியாபாரம் நின்றால் தருவார்கள். அரசாங்கம் பூட்டச் சொல்லி வியாபாரம் நின்றால், சுவரும் கூரையும் அப்படியே இருக்கிறதால், தரமாட்டார்கள்.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை என்று பிறகுதான் விளங்கியது. அமெரிக்காவிலும் பெரும்பாலான நீதிமன்றங்கள் 'சேதம் எங்கே' என்று கேட்டுக் காப்புறுதி நிறுவனங்களின் பக்கமே நின்றன. ஆனால் இங்கிலாந்தில் வேறு மாதிரி நடந்தது. அங்கே சில பொலிசிகளில் கடையிலிருந்து 25 மைலுக்குள், அதாவது சுமார் 40 கிலோமீற்றருக்குள், அரசுக்குக் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய தொற்றுநோய் வந்து வியாபாரம் தடைப்பட்டால் ஈடு தருவோம் என்று ஒரு வாசகம் இருந்தது. நிறுவனங்கள் என்ன வாதாடின என்றால், உங்கள் ஊரில் நோயாளி இல்லாவிட்டாலும் நாடு முழுக்க மூடியிருப்பார்கள்தானே, ஆகவே உங்கள் நட்டத்துக்கு அந்த நோயாளி காரணமில்லை என்று. நிதிக் கண்காணிப்பு அமைப்பே சிறு வியாபாரிகளுக்காக எட்டு நிறுவனங்களுக்கு எதிராக வழக்குக்குப் போனது. 2021 ஜனவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: நாட்டை மூட வைத்தது எல்லா நோயாளிகளும் சேர்ந்துதான், அதில் ஒவ்வொருவரும் சமமான காரணம், ஆகவே 40 கிலோமீற்றருக்குள் ஒருவர் இருந்தாலும் போதும். சுமார் 370,000 பொலிசிக்காரர்களைத் தொட்ட வழக்கு அது. மாங்குளத்தைச் சுற்றி அப்படி ஒரு வட்டம் போட்டுப் பார்த்தேன், கிளிநொச்சி நகரம் உள்ளே விழுகிறது.

அவுஸ்திரேலியாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே பல பொலிசிகள் 1908 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் சட்டத்தைப் பெயர் சொல்லி அதில் வரும் நோய்களுக்கு ஈடு இல்லை என்றன. அந்தச் சட்டமோ ஏற்கனவே நீக்கப்பட்டு, அதன் இடத்துக்கு 2015 ஆம் ஆண்டின் வேறு சட்டம் வந்துவிட்டது, கொரோனாவும் அந்தப் புதிய சட்டத்தின் கீழ்தான் வந்தது. பத்திரத்தில் எழுதியிருப்பதுதான் செல்லும் என்று 2020 நவம்பரில் நியூ சவுத் வேல்ஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல, அந்த வாசகத்தால் தப்பலாம் என்றிருந்த நிறுவனங்கள் தோற்றன. எல்லாம் ஒரு வரியில்தான் இருக்கிறது என்று பாருங்கள். அந்த வரியை எங்களால் வாசிக்கவே முடியவில்லை என்பதுதான் என் கோபம். தமிழ் அரசகரும மொழியாக இருக்கிற நாட்டில், வன்னியில் தமிழில் கடை நடத்துகிற ஒருத்திக்கு ஏன் நுணுக்கமான ஆங்கில எழுத்தில் பத்திரம் தருகிறார்கள்? முதல் பக்கத்தில் தமிழில் இரண்டு வரி போதும்: தொற்றுநோயால் கடை மூடப்பட்டால் ஈடு உண்டு, அல்லது இல்லை. இதைக் கட்டாயமாக்கும்படி காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவைக் கேட்கிறேன்.

சரி, இல்லை என்று தமிழில் எழுதித் தந்தால் பிரச்சினை தீருமா என்று கேட்பீர்கள். தீராது. நிறுவனங்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தீ ஒரு கடையில் பிடிக்கும், நூறு பேர் கட்டிய காசில் ஒருவருக்குக் கொடுக்கலாம். நோய் வந்தால் எல்லாக் கடையும் ஒரே நாளில் பூட்டும். சீட்டுப் பிடிக்கிற எல்லோரும் ஒரே மாதம் சீட்டை எடுக்க வந்தால் நடத்துகிறவர் எங்கே போவார்? ஆனால் இந்த நாட்டில் இதற்கு ஒரு வழி முன்பே கண்டிருக்கிறார்கள். 83 கலவரத்துக்குப் பிறகு, தனியார் நிறுவனங்களால் தாங்க முடியாது என்பதால் வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கு அரசாங்கமே ஒரு நிதியத்தைத் தொடங்கியது. இன்றைக்கும் அந்தப் பகுதிக்கென்று எங்களிடம் வாங்கும் கட்டணம் நிறுவனத்தின் ஊடாகத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குப் போகிறது. மனிதர் வைக்கும் நெருப்புக்குச் செய்ததை நோய்க்கும் செய்யலாம்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். கூடுதல் கட்டணம் கேளுங்கள், கட்டுகிறோம். தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் மூடும் உத்தரவு வந்தால், மூடியிருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் முன்கூட்டியே பேசிய ஒரு தொகை, அவ்வளவுதான். எங்கள் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம் 1897 ஆம் ஆண்டினது, இன்னும் நடைமுறையில் இருக்கிறது, ஆகவே அவுஸ்திரேலியக் குழப்பம் இங்கே வராது. வருமானக் கணக்குக் காட்டு, பற்றுச்சீட்டுக் காட்டு என்று அலைய விடாமல் உத்தரவுத் திகதியை வைத்தே கொடுத்துவிடலாம். எங்களைப் போன்ற சிறிய கடைகளில் பாதிக் கணக்கு கொப்பியில்தான் இருக்கும்.

2009 க்குப் பிறகு தகரக் கொட்டிலில் ஒரு அடுப்போடு தொடங்கிய கடை இது. அதற்கு முன் இருந்ததற்கு ஒரு சதமும் எவரும் தரவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. இப்போது நான் காசு கட்டுகிறேன், ஆகவே கேட்கிறேன். முகவர் தம்பியை மாதக் கடைசியில் வரச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் என் கேள்விக்கு நிறுவனம் எழுத்தில், தமிழில் பதில் தர வேண்டும் என்று பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் உள்ள மற்றக் கடைக்காரர்களும் இதே கேள்வியை எழுத்தில் அனுப்ப வேண்டும் என்று உங்கள் பத்திரிகை ஊடாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சாப்பாட்டுக்கடை நடத்தும் ஒரு பெண்,
மாங்குளம்.